பாதிக் கதையிலேயே பேசுவோம்!

உழைக்கிறவனுக்குக் கதை படிக்கத் தெரியும், கதையைப் பற்றிப் பேசத் தெரியாது என்று ஒரு கூட்டம் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறது. அவன் பத்திரிகைக்குக் காசு கொடுக்கலாம். அடுத்த வாரம் என்ன நடக்குமோ என்று ஏங்கலாம். கண்ணீர் விடலாம். கதாநாயகியின் பெயரைத் தன் குழந்தைக்குச் சூட்டலாம். ஆனால், "இந்த இடத்தில் கதை பொய் சொல்லுகிறது" என்று மட்டும் வாய் திறந்துவிடக் கூடாது. திறந்தால், "முழுவதையும் படித்துவிட்டு வா அப்பா! உருவம் என்றால் என்ன, உத்தி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வா!" என்று விரட்டுகிறார்கள் மேதாவிகள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் தாய்மார்கள் அடுப்படியில் கண்ட உண்மை. பானையைக் காலி செய்த பிறகுதான் பதம் சொல்லவேண்டும் என்று எந்த வீட்டிலாவது சட்டம் உண்டா? பதம் பார்ப்பதே, உலை அடுப்பில் இருக்கும்போது தீயைக் கூட்டவோ குறைக்கவோதானே? தொடர்கதையும் வாரம் ஒரு கரண்டியாகத்தான் வருகிறது. சமைக்கிறவர் இன்னும் அடுப்படியில்தான் நிற்கிறார். உப்பு இல்லை என்று இப்போது சொல்லாமல், பந்தி கலைந்த பிறகு சொல்லி யாருக்கு என்ன லாபம்?

மேதாவிகள் பேச்சு இருக்கட்டும். நம் அணியிலேயே சிலர் வேறொரு ராகம் பாடுகிறார்கள். கையில் நாவலோடு ஒரு தோழரைக் கண்டால், "கூலிப் பேச்சுவார்த்தை நடக்கிற நேரத்தில் இவருக்குக் கதை கேட்கிறது!" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். பஞ்சப்படியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் அரசியலாம். பஞ்சத்தைப் பற்றி எழுதிய நாவலைப் பேசினால் வீண்பேச்சாம்! இந்தத் தோழர்களுக்குப் பதில் சொல்ல நாம் கொஞ்ச தூரம் போகவேண்டியிருக்கிறது. பாரிஸ் நகரத்துக்கு, 1842-ம் வருஷத்துக்கு.

சீமானின் பேனா, தொழிலாளியின் கடிதம்

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் 'ஜூர்னல் தெ தெபா' என்ற பாரிஸ் தினசரியில் ஒரு தொடர்கதை ஆரம்பமாயிற்று. 'பாரிஸ் நகர மர்மங்கள்' என்று பெயர். எழுதியவர் யூஜின் சூ. பத்திரிகையோ அரசாங்கத்துக்கு வேண்டிய பத்திரிகை. பணக்காரர்களின் காலைப் பலகாரத்தோடு மேஜைக்கு வருவது. எழுத்தாளரோ செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, நாகரிகச் சீமான். ஏழைகள் வாழும் சந்துகளையும், சாராயக் கடைகளையும், திருடர்களின் பாஷையையும் சீமான்களுக்கு வேடிக்கை காட்டுவதுதான் ஆரம்பத்தில் அவருடைய நோக்கம்.

ஆனால் பத்திரிகை மாளிகைகளோடு நிற்கவில்லை, பட்டறைகளுக்குப் போயிற்று. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தார். தெரியாதவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. கதை முடியட்டும் என்று காத்திருக்கவுமில்லை. நடுக்கதையிலேயே எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார்கள். பாராட்டிய கடிதங்கள், திட்டிய கடிதங்கள், தங்கள் வீட்டு நிலைமையை எடுத்துச் சொன்ன கடிதங்கள், இந்த அநியாயத்தையும் கதையில் எழுது என்று கேட்ட கடிதங்கள். அவற்றில் நூற்றுக்கணக்கானவை இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. தொழிலாளர்களே எழுதி நடத்திய ஒரு பத்திரிகை அப்போது பாரிஸில் இருந்தது; 'மக்கள் தேன்கூடு' என்பது அதன் பெயரின் பொருள். அதுவும் இந்தக் கதையைப் பற்றிப் பேசிற்று.

என்ன ஆயிற்று? கதை திரும்பிற்று! வேடிக்கை குறைந்தது. சிறைச்சாலையின் நிலைமை, அடகுக் கடையின் கொடுமை, காசில்லாதவனுக்கு எட்டாத நீதி ஆகியவையெல்லாம் கதைக்குள் புகுந்தன. மொரேல் என்று ஒரு தொழிலாளியின் குடும்பம் வருகிறது. வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவன் அவன். விரலிடுக்கில் பிரபுக்களின் வைரம். மச்சு அறையில் மனைவி மக்கள் குளிரிலும் பசியிலும் கிடக்கிறார்கள். அடுத்தவர் உடுத்த நூல் நூற்றுத் தன் வேட்டியில் ஒட்டுப்போடும் நம் பஞ்சாலைத் தோழருக்கு இந்த இடத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

1843 அக்டோபரில் கதை முடிந்தபோது எழுத்தாளரே பழைய ஆளாக இல்லை. 1850-ல் பாரிஸ் மக்கள் அவரைச் சட்டசபைக்கே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஆளுகிறவர்கள் விழித்துக்கொண்டார்கள். அதே வருஷம் ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. தொடர்கதை வெளியிடும் பத்திரிகை பிரதி ஒன்றுக்கு ஒரு சாந்தீம் கூடுதலாக முத்திரை வரி கட்டவேண்டும்! கவனியுங்கள், தோழர்களே. துண்டுப் பிரசுரத்துக்குப் பயப்படும் சர்க்காரை நாம் அறிவோம். கதைக்குப் பயந்து வரி போட்ட சர்க்கார் இது. ஏழை கதை படித்து மயங்கிக் கிடப்பான் என்று அவர்கள் நம்பியிருந்தால் வரி ஏன் போடுகிறார்கள்? இலவசமாக அல்லவா கொடுத்திருப்பார்கள்!

இனி நம் முகம் சுளிக்கும் தோழருக்கு வருவோம். இந்தத் தொடர்கதையை மார்க்ஸ் படித்தார். படித்தது மட்டுமல்ல, 1845-ல் எங்கெல்சோடு சேர்ந்து வெளியிட்ட 'புனிதக் குடும்பம்' நூலில், இந்தக் கதையையும், இதை வானளாவப் புகழ்ந்த ஒரு ஜெர்மன் விமர்சகரையும் பக்கம் பக்கமாகப் பிய்த்து உதறியிருக்கிறார். பத்திரிகைத் தொடர்கதைதானே, நமக்கேன் என்று அவர் ஒதுங்கவில்லை.

அவர் பிடித்துக்கொண்ட இடங்களைப் பாருங்கள். கதாநாயகன் ரோடால்ப் ஒரு ஜெர்மன் இளவரசன். மாறுவேஷத்தில் ஏழைகள் நடுவே வந்து நல்லவர்களுக்குப் பரிசும் கெட்டவர்களுக்குத் தண்டனையும் கொடுக்கிறான். மேரி என்ற அநாதைப் பெண் கதையின் ஆரம்பத்தில் கத்தரிக்கோலைக் கையில் பிடித்து ஒரு முரடனை எதிர்த்து நிற்கிறாள். துணிச்சலும் சிரிப்பும் உள்ளவள். இளவரசன் இவளைக் 'காப்பாற்றுகிறான்'. எப்படி? பாதிரியார் கையில் ஒப்படைத்து, நீ பாவி, நீ பாவி என்று சொல்லிச் சொல்லி அழவைத்து, கன்னிமடத்தில் சேர்த்து, கடைசியில் சவப்பெட்டியில் வைக்கிறான். இதுவா காப்பாற்றுவது என்று கேட்டார் மார்க்ஸ். கதையில் ஏழைகளுக்கென்று ஒரு வங்கி வருகிறது. அது கொடுக்கும் கடன் வேலையிழந்த குடும்பத்துக்கு எவ்வளவுக்குக் காணும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கூலிக்கணக்குத் தெரிந்தவனின் இலக்கிய விமர்சனம் அது.

கடிதம் எழுதிய பாரிஸ் தொழிலாளிகள் கதையை நேசித்தார்கள். மார்க்ஸ் அதைத் தாக்கினார். இரண்டில் எது சரி என்று நம்மைக் கேட்டால், இரண்டும் வேண்டும் என்போம். ஆசையோடு படிக்கிறவன்தான் ஆத்திரத்தோடு கேள்வியும் கேட்பான். மேஜைமேல் தூசி படிய வைத்திருப்பவனுக்கு எந்தக் கேள்வியும் வராது.

சுருட்டுப் பட்டறையும் பீடிக் கம்பெனியும்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் சுருட்டுத் தொழிலாளர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். 1865-ல் ஒரு தொழிற்சாலையில் ஆரம்பித்த வழக்கம்: எல்லோரும் சுருட்டு உருட்டுகிறார்கள், ஒருவர் மட்டும் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறார். அவருக்குக் கூலி தொழிலாளிகள் தங்கள் பையிலிருந்து போடும் பணம். காலையில் செய்தி, பிறகு நாவல். அடுத்த வருஷமே ஸ்பானிய அதிகாரிகள் தடை போட்டார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத வாசிப்பும் விவாதமும் கூடாதாம்! தடையை மீறி வழக்கம் நிலைத்தது. கடல் தாண்டி அமெரிக்காவின் பிளாரிடாவுக்கும் போயிற்று. அங்கே தாம்பா நகர முதலாளிகள் 1931-ல் வாசிப்பு மேடைகளைப் பிடுங்கி எறிந்தபோது தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். 'மாண்டி கிறிஸ்டோ' என்று ஒரு சுருட்டு இருக்கிறதே, அந்தப் பெயர் அலெக்ஸாந்தர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது. உருட்டிய கைகள் கேட்டு ரசித்த கதை சுருட்டின் பட்டையிலேயே ஏறிக்கொண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு அடுத்த வீடான கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் இதையே செய்தார்கள். ஒருவர் படிப்பார், அவர் பங்குக்கு வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். படித்த பிறகு விவாதம். அந்த விவாதத்தில் தேறியவர்கள் எத்தனையோ பேர் சங்கத் தலைவர்களானார்கள்.

நம் பஞ்சாலையில் இது நடக்காது, உண்மைதான். ரிங் பிரேம் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ளவேண்டும். ஆனால் ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. நடவுக்குப் போகும் பெண்களுக்கு வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் நேரம் இருக்கிறது. அங்கே சினிமாவைப் பற்றிப் பேசுகிறோம். யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு மரியாதை குறைந்தது என்று பேசுகிறோம். கதையைப் பற்றிப் பேசினால் நாக்கு தேய்ந்தா போகும்?

சேந்தன் அமுதனும் சோழ ரத்தமும்

தமிழில் தொடர்கதை என்றதும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'தான் முன்னால் வந்து நிற்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. 1999-ல் கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகள் குவிந்தன; 2022-லும் 2023-லும் சினிமாவாக வந்த பிறகு மறுபடியும் கைக்குக் கை மாறுகிறது. படிக்காதே என்று நாம் சொல்லமாட்டோம். ஐந்து பாகத்தையும் தூக்கம் விட்டுப் படித்தவர்கள் நம்மிலேயே உண்டு. கதை சொல்லும் வித்தை தெரிந்த எழுத்தாளர், சந்தேகமில்லை.

ஆனால் காவிரிப் பாசனத்து விவசாயத் தொழிலாளி இந்தக் கதையின் முதல் அத்தியாயத்திலேயே பேச உரிமையுள்ளவர். ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்து ஏரிக்கரைமேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கரையெங்கும் விழாக் கூட்டம் தெரிகிறது. அந்தக் கரைக்கு மண் சுமந்த கூட்டம் தெரிகிறதா? சோழர் கல்வெட்டுக்களில் 'வெட்டி' என்று ஒரு சொல் வருகிறது. கூலியில்லாமல் வாங்கும் கட்டாய வேலை அது. வெட்டி வேலை என்று இன்றும் நாம் சொல்லுகிறோமே, அதன் வேர் எங்கே ஓடுகிறது பாருங்கள். ஐந்து பாகத்தில் அரண்மனைச் சதிக்கு இடம் இருந்தது. வெட்டி செய்தவனுக்கு எத்தனை பக்கம் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் பாகம் வரை வராத தோழர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். சேந்தன் அமுதனை எடுத்துக்கொள்வோம். நந்தவனம் வைத்துப் பூத்தொடுக்கும் எளிய பையன். பொய் அறியாதவன். ஓடக்காரப் பெண் பூங்குழலியை நேசிக்கிறவன். கதை முழுவதும் அவனை நாம் நம்மவன் என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். கடைசியில் என்ன ஆகிறது? அவன் செம்பியன் மாதேவியின் மகனாம்! சோழ ராஜகுமாரனாம்! சிம்மாசனமும் ஏறுகிறான். சரித்திரத்தில் உத்தம சோழன் உண்டு. அவனை இப்படிப் பூக்காரன் வேஷத்தில் கொண்டுவந்தது கற்பனை. பாரிஸ் கதைக்கு ஒரு நடை திரும்பிப் போங்கள். அந்த அநாதை மேரி யார்? அவளும் இளவரசன் ரோடால்பின் மகள் என்றுதான் கதை முடிச்சவிழ்க்கிறது! நூறு வருஷ இடைவெளி, பல்லாயிரம் மைல் தூரம். தந்திரம் மட்டும் ஒன்று. ஏழை நல்லவனாக இருந்தால் அவன் உடம்பில் ராஜரத்தம் ஓடியே தீரவேண்டும். பூக்காரனாகவே பிறந்து, பூக்காரனாகவே நல்லவனாக இருக்கக் கதையில் அனுமதியில்லை!

இதைக் கண்டுபிடிக்க எம்.ஏ. பட்டம் வேண்டுமா? இரண்டு கதையையும் படித்த இரண்டு பேர் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தால் போதும்.

வெண்மணியும் ஒரு பரிசும்

சில சமயம் இது வெறும் ரசனைத் தகராறாக நிற்பதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் குடும்பத்தார் செய்த குற்றம், அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், சங்கம் வைத்ததும், மிராசுதார் சொன்னபோது செங்கொடியை இறக்க மறுத்ததும்தான்.

இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். 1977-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். எழுத்தில் வலிமை உண்டு. மிராசுதாரை நல்லவனாகக் காட்டவுமில்லை. ஆனால் அவனுடைய கொடூரத்துக்குக் காரணமாக நாவல் எதைத் தூக்கிப் பிடிக்கிறது? அவனுடைய ஆண்மைக் குறைவை! அரைப்படி நெல் பின்னால் போய்விடுகிறது. படுக்கையறை முன்னால் வந்துவிடுகிறது. அப்படியானால் ஆண்மைக் குறைவில்லாத மிராசுதாரெல்லாம் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டார்களா? கீழைத் தஞ்சையின் எந்த வரப்பில் நடந்தது இந்த அதிசயம்?

இடதுசாரி விமர்சகர்கள் அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டார்கள். உடனே, "கலையைக் கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்கள்" என்ற கூப்பாடு எழுந்தது. நாம் கேட்கிறோம்: அரைப்படி நெல்லின் கனம் யாருக்குத் தெரியும்? மரக்காலைக் களத்தில் பார்த்தவனுக்கா, பரிசுக் கமிட்டிக்கா? மனோதத்துவப் புத்தகத்தை வைத்து நாவலை அளந்தால் விமர்சனம். மரக்காலை வைத்து அளந்தால் கட்சிக் கண்ணாடியா? வயலில் நிற்கிறவனுடைய அனுபவமும் ஒரு படிப்புத்தான். புத்தகத்தைத் தடைசெய் என்று நாம் கேட்கவில்லை. கொளுத்து என்றும் சொல்லவில்லை. கொளுத்துவது எவர் தொழில் என்று வெண்மணி அறியும். படி, பக்கத்தில் இருப்பவனிடம் படித்துக் காட்டு, இங்கே பொய் இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல் என்கிறோம். பிறகு சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' வந்தது; அதே வெண்மணியைப் பற்றிய நாவல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். கருத்து வேற்றுமை வரும். வரட்டும்!

கையில் இருக்கும் கதை

இன்று தொடர்கதை காகிதத்திலிருந்து கைபேசிக்கு வந்துவிட்டது. நூற்பாலை விடுதிகளில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வரும் நம் சகோதரிகள் படுக்கைக்குப் போகுமுன் ஒரு அத்தியாயம் படிக்கிறார்கள். நல்ல பழக்கம். இவற்றை எழுதுகிறவர்களில் பலர் வீட்டுவேலைக்கு நடுவே எழுதும் பெண்கள். அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை, மரியாதைதான்.

ஆனால் இவற்றில் ஒரு தினுசு கதை திரும்பத் திரும்ப வருகிறது. கதாநாயகன் பெரிய முதலாளி. கோபக்காரன். ஏழைப் பெண்ணை மிரட்டித் தாலி கட்டுகிறான்; கன்னத்தில் அறைகிறான். நாற்பதாவது அத்தியாயத்தில் அதெல்லாம் அன்பு என்று தெரியவருகிறது! சூப்பர்வைசர் கையோங்கும்போது அதன் பெயர் என்ன என்று சைடு பார்க்கும் பெண்ணுக்குத் தெரியாதா? நூல் அறுந்ததற்கு ஏச்சு வாங்கிவிட்டு வந்து, அதே ஏச்சைக் காதல் என்று படித்துவிட்டுத் தூங்கவேண்டுமா? படித்த உடனே வாசகி எழுதுவது, "அருமை சகோதரி, அடுத்த பகுதி எப்போது?" என்ற ஒரு வரி. அந்த வரியோடு இன்னொரு வரியும் சேரட்டும்: "இவன் அடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கதாநாயகி திருப்பிக் கேட்கமாட்டாளா?"

எழுதுகிற சகோதரி அதைப் படிப்பார். அடுத்த அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. பாரிஸ் தொழிலாளிக்கு 1842-ல் கிடைத்த அதே சந்தர்ப்பம் இது. அவனுக்குத் தபால் செலவு இருந்தது, நமக்கு அதுவுமில்லை.

சங்கக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் கால் மணி இதற்கு ஒதுக்கலாம். இந்த வாரம் யார் கையில் என்ன கதை, எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று ஒரு சுற்றுக் கேட்கலாம். எழுத்துத் தெரியாத தோழருக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டி, முதல் அபிப்பிராயத்தை அவரிடமே கேட்கலாம். சிதம்பர ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' கிடைத்தால் அங்கிருந்து தொடங்குங்கள். 1953-ல் வந்த நாவல், கைத்தறி நெசவாளரின் பட்டினியைச் சொல்லுவது. நூல் நூற்கிறவர்கள், நூலில்லாமல் தறி நின்றவர்களின் கதையைப் படித்துவிட்டு என்ன பேசுகிறீர்கள் என்று கேட்க நமக்கு ஆவலாக இருக்கிறது. பாதியில் நின்றாலும் பரவாயில்லை; எந்தப் பக்கம் வரை வந்தீர்கள் என்பதை மட்டும் சேர்த்து எழுதுங்கள்.